போர்த் திரைப்படமும் மெய்ப்பாடும்: ‘வந்து பார்’ படத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

போர்த் திரைப்படங்களைக் குறித்துத் தமிழ்த்துறைகளில் நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவில் தொடங்கி அவ்வினாவிலேயே முடிந்துவிடுகின்றன. இப்படம் போரை ஆதரிக்கின்றதா, எதிர்க்கின்றதா என்பதே அவ்வினா. விடை பெரும்பாலும் ‘எதிர்க்கின்றது’ என்பதாகவே அமையும். பிணங்களும் அழுகுரலும் இடம்பெற்ற படத்தைப் போர் ஆதரவுப் படம் என்று எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. இதற்குத் துணையாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்வதும் வழக்கமாகியுள்ளது. அழும் காட்சி அழுகை, அஞ்சும் காட்சி அச்சம், பகைவரைக் கொல்லும் காட்சி வெகுளி எனப் பெயரிட்டு அடுக்குவதோடு பணி நிறைவடைகின்றது.

இக்குறையை நான் பிறர்மீது மட்டும் சுமத்தவில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நான் அளித்த ஆய்வேட்டில் ஐந்து போர்த் திரைப்படங்களின் காட்சிகளை எண்வகை மெய்ப்பாட்டின்கீழ் வகைப்படுத்திய பதினொரு பக்க அட்டவணை ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதனைப் புரட்டிவிட்டு, “இவ்வட்டவணையில் பார்வையாளர் எங்கே?” என்று வினவினார். அன்று என்னிடம் விடை இல்லை. அவ்வினாவை மீண்டும் எடுத்து நோக்குவதே இக்கருத்துரையின் நோக்கம்.

காண்போர்க்குப் புலனாதல்

அஞ்சியவனிடத்து நிகழும் அச்சம் அவன் உடலின்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாகும் தன்மையே மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் விளக்கத்தின் சாரம். ஆகவே மெய்ப்பாடு என்பது காட்சிக்குள் அடங்கிக் கிடக்கும் பொருளன்று. உணர்வுற்றவன், அவனைக் காண்பவன் ஆகிய இருவருக்கும் இடையே நிகழ்வது. கூத்தரங்கினை மனத்திற்கொண்டு பிறந்த இக்கோட்பாடு திரைப்படத்திற்கு மிகவும் பொருந்துவது. எனினும் நம் ஆய்வுகள் உணர்வுற்றவனை மட்டும் எடுத்துக்கொண்டு காண்பவனை விட்டுவிடுகின்றன.

எலெம் கிளிமோவ் இயக்கிய ‘வந்து பார்’ (1985) என்னும் சோவியத் திரைப்படத்தை இங்கு எடுத்துக்கொள்ளலாம். 1943இல் செர்மானியப் படையின் பிடியில் இருந்த பெலாரஸ் இதன் களம். இளமையில் அந்நாட்டின் கொரில்லாப் படையில் இருந்த எழுத்தாளர் அலெஸ் அதமோவிச் இயக்குநருடன் இணைந்து திரைக்கதை எழுதினார். ஃபிளியோரா என்னும் சிறுவன் மணலைத் தோண்டித் துப்பாக்கி ஒன்றை எடுத்து, தாய் அழுது தடுத்தும் கேளாமல், கொரில்லாப் படையில் சேர்கின்றான். சில நாட்களில் அவன் முகம் முதியவன் முகம்போல் ஆகிவிடுகின்றது. கிளிமோவ் அம்முகத்தை நேர்நின்று நோக்கும் அண்மைக் காட்சிகளாகத் திரும்பத் திரும்பத் தருகின்றார். அலெக்ஸெய் கிராவ்சென்கோ என்னும் இளம் நடிகரின் நெற்றிச் சுருக்கமும் வெடித்த உதடும் எதையும் எடுத்துரைப்பதில்லை. அவை புலனாகின்றன, அவ்வளவே. ‘மெய்யின்கண் படுதல்’ என்னும் தொடருக்கு இதனினும் நேரான திரைச்சான்றை நான் கண்டதில்லை.

இப்படத்தின் ஒலியமைப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. காட்டில் குண்டுகள் விழுந்தபின் ஃபிளியோராவின் செவி மங்குகின்றது; அதனோடு நம் செவியும் மங்குகின்றது. நீண்ட இரைச்சலுக்கு அப்பாலிருந்தே பேச்சுகள் கேட்கின்றன. அந்நிலையிலேயே அவன் தன் வீட்டிற்குத் திரும்புகின்றான். வீட்டில் எவரும் இல்லை. அடுப்பிலிருந்த உணவு இன்னும் ஆறவில்லை, தங்கையரின் பொம்மைகள் தரையில் கிடக்கின்றன, ஈக்கள் மொய்க்கின்றன. ஊரார் எங்கோ ஒளிந்திருப்பர் என்று நம்பி அவன் ஓடுகின்றான். உடன் ஓடும் கிளாஷா என்னும் பெண் மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கின்றாள். வீட்டின் பின்சுவரோரம் ஊராரின் உடல்கள் குவிந்துள்ளன. அவன் அதனைக் காணவில்லை; நாம் காண்கின்றோம். செவியால் அவனோடு ஒன்றியும் கண்ணால் அவனினின்று பிரிந்தும் நிற்குமாறு பார்வையாளர் ஆக்கப்படுகின்றார். இழவு பற்றிய அழுகை இங்கு அதற்குரிய சிறுவனிடம் பிறப்பதற்கு முன்பே நம்மிடம் பிறந்துவிடுகின்றது. என் அட்டவணை இக்காட்சியை ‘அழுகை – இழவு’ என ஒரே சொல்லில் முடித்திருந்தது.

எங்கள் துறையில் இப்படத்தைத் திரையிட்டபோது ஆய்வாளர் ஒருவர் பாதியில் எழுந்து வெளியே சென்றார். சிறுவயதில் வன்னியில் போரின் இறுதி நாட்களைக் கண்டவர் அவர். பிணக்குவியல் அவரை வெளியேற்றியது என்று நாங்கள் கருதினோம். அதற்கு முன்பே, படத்தில் அடிக்கடி தலைக்குமேல் சுற்றும் செர்மானிய வேவு விமானத்தின் ஓயாத இரைச்சலே தம்மை எழச்செய்தது என்றார். வன்னி மக்கள் வேவு விமானத்தை ‘வண்டு’ என்று அழைத்தனர். “அது வண்டுதான், அந்தச் சத்தம் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்” என்றார். எம்மைப் பொறுத்தவரை அவ்விரைச்சல் பின்னணி ஒலி. அவருக்கு அதுவே படம். ‘காண்போர்’ என்னும் ஒரு சொல்லால் எம்மிருவரையும் சுட்டிவிட முடியுமா என்பதை மெய்ப்பாட்டுக் கோட்பாட்டை இன்று கையாள்வோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெருமிதத்தின் இடம்

கல்வி, தறுகண், இசை, கொடை ஆகிய நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள். போர்ப்பாடலுக்கும் போர்ப்படத்திற்கும் இவற்றுள் தறுகணும் இசையுமே உரியன. போரைக் காட்டும் எப்படமும் இறுதியில் போருக்குத் துணைபோய்விடும் என்னும் பொருளில் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ கூறியதாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கருத்து ஒன்றுண்டு. நம் சொல்லில் கூறுவதானால், களத்தைக் காட்டிய அளவில் பெருமிதம் பிறந்துவிடுகின்றது. எனவே ஒரு படம் போரைப் பற்றி என்ன சொல்கின்றது என்பதைவிட, அது பெருமிதத்தை யாருக்கு, எவ்விடத்தில் அளிக்கின்றது என்று வினவுவதே பயன்தரும் என்பது என் துணிபு.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) படத்தில் 1944 சூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நிகழ்ந்த தரையிறக்கம் காட்டப்படுகின்றது. அங்கும் படைத்தலைவன் மில்லரின் செவி மங்குகின்றது. நம் செவியும் மங்குகின்றது. உத்தி ஒன்றே. ஆனால் மில்லருக்குச் சிறிது நேரத்தில் செவி மீள்கின்றது. மீண்டதும் அவன் ஆணையிடத் தொடங்குகின்றான். அச்சம் தறுகணுக்கு வழிவிடுகின்றது. அவன் வீழும்போதும் அவ்வீழ்ச்சிக்குப் பயன் உண்டு. அதனைப் போற்ற ஒருவன் உயிரோடு நிற்கின்றான். இதனைக் குறையாகக் கூறவில்லை. இது தும்பையின் மரபான வழி. தன் மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுச் சினந்து களம் புகுந்து, அவன் உடல் சிதைந்து வீழ்ந்து கிடந்தது கண்டு உவந்த முதியவளைப் பாடும் புறநானூறு 278ஆம் பாடலுக்கு ‘உவகைக் கலுழ்ச்சி’ என்று துறை வகுத்தனர். அழுகையைப் பெருமிதம் ஏற்று மாற்றிவிடுகின்றது. ஒரே மகனைக் கையில் வேல் கொடுத்துப் போருக்கு விடுக்கும் 279ஆம் பாடலின் தாயும் இவ்வகையினளே.

‘வந்து பார்’ இவ்வழியை அடைத்துவிடுகின்றது. படைகள் எதிர்நின்று பொரும் களம் இப்படத்தில் காட்டப்படவே இல்லை. செர்மானியரைக் கொரில்லாப் படையினர் தாக்கும் நிகழ்வு திரைக்கு வெளியே நடந்து முடிகின்றது. ஃபிளியோரா வந்து சேரும்போது எஞ்சியவற்றையே காண்கின்றான். பிடிபட்டவர்கள் சுடப்படுகின்றனர், வெற்றிக்களிப்பு இல்லை.

இசைக்கு நேர்வது இன்னும் கூர்மையானது. படத்தின் முற்பகுதியில் கொரில்லாப் படையினர் அனைவரும் கூடி நின்று நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். புதிதாகச் சேர்ந்த ஃபிளியோராவும் அதில் உண்டு. நடுகல்லுக்கு முந்திய ஓர் இசை என அதனைக் கூறலாம். மறுபடியும் படத்தின் பிற்பகுதியில் ஒரு நிழற்படம் எடுக்கப்படுகின்றது. ஊர்மக்களைக் கட்டடத்துள் அடைத்துத் தீயிட்ட செர்மானியப் படையினர், உயிர்தப்பிய ஃபிளியோராவை மண்டியிடச் செய்து, நெற்றியோரம் கைத்துப்பாக்கியை வைத்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டிலும் அதே சிறுவன். இரண்டிலும் கருவிமுன் நின்று தம் புகழைப் பதியவைக்கும் ஆடவர். இவ்விரு படங்களுக்கும் இடையே இசை என்னும் நிலைக்களன் பாழ்பட்டுப் போகின்றது. திரைப்படக் கருவியும் இப்பழியினின்று விலகியதன்று என்று கிளிமோவ் கருதினாரோ என எனக்குத் தோன்றுவதுண்டு.

நெய்தலது புறன்

தொல்காப்பியர் தும்பையை நெய்தலுக்குப் புறனாக வைத்தார். உரையாசிரியர்கள் பரந்த வெளிநிலத்தையும் போர் முடிவுக்குரிய எற்பாட்டையும் இதற்குக் காரணமாகக் காட்டுவர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை இதனோடு சேர்த்து நோக்கினால், வலிமையே பொருளாகப் பொரும் திணைக்கு அடியில் இரங்கல் வைக்கப்பட்டிருப்பது தெரியவரும். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் பட்டதைப் பாடும் கழாத்தலையாரின் பாடல் (புறநானூறு 62) தும்பைத்திணையினது, தொகைநிலைத் துறையினது. வென்றவர் இல்லாக் களம் அது. நம் மரபில் இரங்கலுக்குக் காஞ்சி மட்டுமே இடம் என்று கருதுவது பொருந்தாது.

இசாவோ தகஹாதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988) போர்க்களத்தை முற்றிலும் நீக்கி, குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் 1945இல் பசியால் மடிவதை மட்டும் கூறுகின்றது. அழுகையின் நிலைக்களன்களுள் வறுமை இவ்வளவு நேராகத் திரையில் வந்தது அரிது. எனினும் தாம் போர் எதிர்ப்புப் படம் எடுக்கவில்லை என்று தகஹாதா பலமுறை மறுத்தார். ‘எதிர்ப்பு’ என்னும் முத்திரைக்கு வெளியேதான் அப்படம் இயங்குகின்றது.

எஞ்சுவது வெகுளி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் அதன் நான்கு களன்களும் ‘வந்து பார்’ படத்தில் நிறைந்துள்ளன. குடிகோள் என்னும் சொல்லுக்குச் சுற்றத்திற்கும் குடிக்கும் கேடு சூழ்தல் எனப் பொருள்கொண்டால், பெலாரஸ் அதற்கு வரலாற்றுச் சான்று. 1943 மார்ச் 22 அன்று கத்தின் என்னும் சிற்றூரில் 75 குழந்தைகள் உட்பட 149 பேர் கொல்லப்பட்டனர். பெலாரஸில் 628 ஊர்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்னும் செய்தியோடு படம் முடிகின்றது. இத்தகைய களனுக்குப் பழிவாங்கலே விடையாக வரும் என்று பார்வையாளர் எதிர்பார்ப்பர்.

இறுதியில் ஃபிளியோரா சேற்றில் கிடக்கும் இட்லரின் உருவப்படத்தை நோக்கிச் சுடுகின்றான். படம் முழுவதும் அவன் துப்பாக்கி முழங்குவது அப்போதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் செய்திப்படக் காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன. குண்டுகள் விமானங்களுக்குத் திரும்புகின்றன, இடிந்த கட்டடங்கள் எழுகின்றன, ஊர்வலங்கள் பின்வாங்குகின்றன, இட்லர் இளைஞனாகின்றார், சிறுவனாகின்றார். தாயின் மடியில் குழந்தையாக அவர் இருக்கும் படம் வந்ததும் ஃபிளியோரா சுடுவதை நிறுத்திவிடுகின்றான். அவன் அழுகின்றானா, அஞ்சுகின்றானா, வெகுளி தணிந்தானா என்று அம்முகத்தைக் கொண்டு துணிய இயலவில்லை. பின்னர் அவன் ஓடிச்சென்று காட்டுக்குள் செல்லும் படையோடு கலந்துவிடுகின்றான். போர் அவனுக்கு முடியவில்லை.

ஆய்வியல் நிறைஞர் ஆய்வேட்டில் இக்காட்சியை ‘வெகுளி – கொலை’ என்னும் கட்டத்தில் இட்டிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவ்வட்டவணையை நீக்கிவிட்டேன். இக்காட்சியை எவ்வியலில் வைப்பது என்பது குறித்து நெறியாளரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றேன்.