ஒப்பந்தம் முடியும் தேதி

இளம் வயதிலேயே பெயர் வாங்கிவிட்ட ஓர் ஆட்டக்காரரை நீண்ட ஒப்பந்தத்தில் இருத்திக்கொள்வதா, மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே வேறொரு கிளப்புக்குக் கைமாற்றிவிடுவதா என்ற கேள்வி, மாநிலக் காற்பந்து நிர்வாகங்களில் பெரும்பாலும் பருவத்தின் கடைசி மாதங்களில்தான் எழுகிறது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே மிஞ்சியிருக்கும் ஆட்டக்காரர் வேறு கிளப்புடன் தாராளமாகக் கையெழுத்திடலாம் என்பது ஃபிஃபாவின் விதி; ஆகவே கேள்வி மேசைக்கு வரும்போது விடை சொல்லும் உரிமை நிர்வாகத்தின் கையைவிட்டுப் போயிருக்கும்.

இக்கேள்வியை மிக நுணுக்கமாகக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகிகள். அங்கு ஆறு ஆண்டு முதன்மை லீக் சேவையை முடித்த பிறகே ஆட்டக்காரர் தாம் விரும்பிய அணியைத் தேர்ந்துகொள்ள முடியும் என்பதால், அணிக்கு யோசிக்க அவகாசம் உண்டு. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022இல் நீட்டிய 15 ஆண்டு, 44 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஹுவான் சோட்டோ மறுத்தபோது, அவர் விடுதலையாகும் நாளுக்குக் காத்திராமல், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவரைச் சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டு இளம் ஆட்டக்காரர்கள் பலரை அந்த அணி பெற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் அதே சோட்டோ நியூயார்க் மெட்ஸுடன் 76.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார் என்பதைக் கொண்டு வாஷிங்டனின் முடிவைப் பிழையென்று சொல்வோரும் உண்டு. ஆனால் வைத்துக்கொள்ள முடியாதவரை வெறுங்கையோடு அனுப்பாமலிருந்ததே அங்குக் கவனிக்கத்தக்கது.

மலேசியக் காற்பந்தில் அந்த ஆறு ஆண்டுக் காப்பு இல்லை. நெகிரி செம்பிலான் அணியில் விங்கராக ஆடிப் பெயர் பெற்ற எஸ். குணாளன், அம்மாநிலம் மலேசியக் கிண்ணத்தை 2009இலும் 2011இலும் வென்ற காலத்தின் ஆட்டக்காரர், கே. ராஜகோபாலின் பயிற்சியில் 2010 ஆசியான் சுசுகி கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் இருந்தவர். பின்னர் அவர் சிலாங்கூருக்கும், அங்கிருந்து ஜோகூர் டாருல் தக்சிமுக்கும் சென்று, வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராக உருமாறி, 2015 ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்ற அணியில் இடம்பெற்றார். நெகிரி செம்பிலானின் பாரோய் அரங்கில் முதிர்ந்த ஆட்டம் வேறு அரங்கங்களில் கனிவதில் குறையொன்றும் இல்லை. வசதியுள்ள கிளப் அழைத்தால் ஆட்டக்காரர் போகத்தான் செய்வார். அவரை உருவாக்கிய மண்ணுக்கு அந்தப் பயணத்தில் ஒரு பங்கு திரும்புகிறதா என்பதே பேசப்பட வேண்டியது.

இவ்விதழின் கருத்தில், முதலில் நீட்டிப்பு, பிறகே விற்பனை என்ற வரிசை மாறக்கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டு பருவம் மிச்சமிருக்கும்போதே நீட்டிப்பை முன்வைத்து, ஆட்டக்காரர் மறுத்தால் அதே பருவத்தில் வாங்குவோரைத் தேடுவதே முறை. நீட்டிப்பு என்பது தாளில் மட்டும் நிற்பதன்று என்பதும் நினைவில் இருக்கட்டும்: இரண்டு மாதச் சம்பளத்தை முறையற்றுப் பாக்கி வைத்த கிளப்புக்கு எழுத்துமூலம் அறிவித்து, குறைந்தது 15 நாள் தவணை கொடுத்தபின், ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா இடம் தருகிறது. சம்பளப் பாக்கி மலிந்த நம் லீகில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் உண்மையான ஆயுள், கிளப்பின் கணக்கில் இருக்கும் பணத்தின் ஆயுள்தான்.

பங்கு திரும்பும் வழியைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஆட்டக்காரர் ஒருவர் வெளிநாட்டுக் கிளப்புக்குக் கட்டணத்தோடு மாறினால், அக்கட்டணத்தில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. இதற்கு ஒருமைப்பாட்டுப் பங்கு என்று பெயர். முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 0.25 விழுக்காடும், அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு 0.5 விழுக்காடும் கணக்கு. பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு விலைபோகும் ஒருவரைத் தொடக்க நான்கு ஆண்டுகள் வளர்த்த சிறு கிளப்புக்கு 10,000 ரிங்கிட் கிடைக்கும். அண்ணன் காலணியைத் தம்பி போட்டு ஆடும் ஒரு திடலுக்கு அது பந்தும் வலையும் சீருடையும் சில ஆண்டுகளுக்குப் போதுமான தொகை. ஒப்பந்தம் காலாவதியாகி அவர் இலவசமாகப் போனாலோ, ஐந்து விழுக்காடு எதன் மீது என்ற கேள்வியே எழாது.

நெகிரி செம்பிலானின் செண்டாயான் வட்டாரத் தோட்டங்களை நினைக்கும்போது, அந்தப் பங்கு திரும்புவதற்கான இரண்டாவது தடை தென்படுகிறது. ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரியம் எழுந்திருக்க, தோட்ட மக்கள் பலவிடங்களுக்குப் பிரிந்துவிட்டனர். தோட்டத்துத் திடலில் பந்து பழகிய பையனுக்குக் காற்பந்துச் சங்கத்தில் பதிவு இல்லையெனில், அவன் எந்தெந்தக் கிளப்பில் எந்தப் பருவம் ஆடினான் என்று காட்டும் ஆட்டக்காரர் கடவுச்சீட்டில் அத்திடல் இடம்பெறாது. ஃபிஃபாவின் பார்வையில் அவன் அங்கு ஆடவேயில்லை. உள்நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களோ பொதுவாக இப்பங்கின் வரம்பிலேயே வருவதில்லை. அவற்றுக்கான ஏற்பாட்டைத் தேசியச் சங்கமே தன் விதிகளில் செய்தாக வேண்டும்.

அதுவரை மாநிலக் கிளப்புகள் தாமே தம் விற்பனை ஒப்பந்தங்களில் இதே விழுக்காட்டை ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம். அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பதிவைப் பொறுத்தவரை, சங்கத்தின் ஊழியர் ஒருவர் பிறப்புச் சான்றிதழின் நகலைப் பெற்றுக்கொள்ள ஒரு மாலையில் திடலுக்கே போய்வருவது, பதிவுப் பாரத்தோடு பெற்றோரைச் சிரம்பானுக்கு அலையவிடுவதைக் காட்டிலும் எளிது.