உறுமுற நாயை அடிக்காதீங்க

போன வாரம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வாட்சப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். தவழுற குழந்தை ஒண்ணு பெரிய நாயோட கழுத்தைக் கட்டிப் பிடிச்சு மேல ஏறுது. நாய் அசையாம உக்காந்திருக்கு. பின்னாடி பெத்தவங்க சிரிக்கிற சத்தம். "எவ்வளவு பொறுமை பாருங்க மாமா"ன்னு எழுதியிருந்தான்.

நான் ரெண்டு தடவை பார்த்தேன். நாய் வாயை இறுக்கி மூடியிருக்கு. நாக்கு சட்டுன்னு வெளிய வந்து மூக்கை நக்கிட்டு உள்ள போகுது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கண்ணை மட்டும் குழந்தை மேல வச்சிருக்கு. கண்ணோரத்துல வெள்ளை முழி பிறை மாதிரி தெரியுது. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. போன் போட்டு, "அது பொறுமை இல்லப்பா, விடச்சொல்லிக் கெஞ்சுது"ன்னேன். "யாரோ எங்கயோ எடுத்தது மாமா"ன்னு சிரிச்சான்.

எனக்குச் சிரிப்பு வரலை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே காட்சி எங்க தோட்டத்துல நடந்துச்சு.

மணி எங்க ஆட்டுப்பட்டி நாய். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறைன்னு பேர் சொல்லிப் பெருமைப்படுற சாதி இல்லை, சாதாரண நாட்டு நாய். ராத்திரி பட்டியைச் சுத்திக் காவல், பகல்ல சாளை வாசல்ல தூக்கம். மே மாச லீவுக்கு மச்சினன் குடும்பத்தோட சென்னையிலிருந்து வந்திருந்தான். அவன் மகளுக்கு அப்போ 7 வயசு. வந்த நாள்ல இருந்து மணி பின்னாலயே திரிஞ்சா. மூணாம் நாள் சாயங்காலம் போட்டோ எடுக்கணும்னு மணியைக் கழுத்தோட கட்டிக்கிட்டா. மணி கொட்டாவி விட்டுச்சு. "தூக்கம் வருது போல"ன்னு அவங்கம்மா சிரிச்சுது. மணி தலையைத் திருப்பிக்கிச்சு. "இங்க பாரு மணி"ன்னு மச்சினன் விரலைச் சொடுக்கினான். வால் ஆடிச்சு. ஆனா எப்பவும் இடுப்போட சேர்ந்து ஆடுற ஆட்டம் இல்லை. வால் விறைப்பா மேல நின்னு நுனி மட்டும் ஆடிச்சு. அப்புறம் ஒரு நொடி கல்லு மாதிரி நின்னுச்சு. நான் திண்ணையில டீ குடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உறுமவே இல்லை. கடிச்சிருச்சு.

தாடையில ரெண்டு பல்லு இறங்கியிருந்துச்சு. குழாயடியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவினோம். மஞ்சள் வை, சுண்ணாம்பு வைன்னு வந்தவங்களைக் கிட்டவே விடலை. மணிக்கு வருசா வருசம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுத்தான் வச்சிருந்தேன். இருந்தாலும் முகத்துல கடிங்கறதால கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில காயத்தைச் சுத்தி ஒரு மருந்து போட்டு, தடுப்பூசியும் ஆரம்பிச்சாங்க. மீதி தவணையை ஒண்ணுகூட விடாம ஊருக்குப் போய்ப் போட்டுக்கிட்டாங்க. புள்ள நல்லா இருக்கா. தழும்பு இருக்கு.

"ஒரு அறிகுறியும் காட்டாமக் கடிக்குது, இதை வச்சிருக்காதீங்க மச்சான்"னு மச்சினன் சொன்னான். அடிச்சுக் கொன்னுடச் சொன்னவங்களும் உண்டு. நான் வாயைத் திறக்கலை. அறிகுறி நாலஞ்சு காட்டுச்சு, பார்த்துக்கிட்டிருந்தவன் நான். அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த உறுமலைப் பிடுங்கினதும் நான்தான். அதுக்கு முந்தின வருசம், பால் கறக்க வர்ற ஆளைப் பார்த்து மணி உறுமும். வர்றவருக்குச் சங்கடமா இருக்கேன்னு, உறுமுறப்பெல்லாம் குச்சியால ரெண்டு வச்சேன். பத்து நாள்ல உறுமுறதை நிறுத்திருச்சு. நாயைப் பழக்கிட்டேன்னு ஊருக்குள்ள பெருமை வேற பேசினேன். அதுக்குப் பயம் போகலை, சத்தம்தான் போச்சு. இதை மச்சினன்கிட்ட சொல்ல எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

மாடு வாங்கச் சந்தைக்குப் போனா, பல்லைப் பிடிச்சுப் பார்க்குறதுக்கு முன்னாடியே கண்ணு, காது, மூச்சு, கால் மாத்துற விதம் எல்லாம் பார்த்துருவோம். மாடு தலையைச் சாய்ச்சு ஊதுச்சுன்னா குழந்தையைப் பின்னால இழுத்துக்குவோம். நாயை மட்டும் யாரும் அப்படிப் பார்க்குறதில்லை. வாலாட்டினா சந்தோஷம், குரைச்சா கோபம், அவ்வளவுதான் நம்ம கணக்கு. வாலாட்டுறது மனசு பரபரப்பா இருக்குங்கறதுக்கு அடையாளம். அது நல்ல பரபரப்பா கெட்ட பரபரப்பான்னு மத்த உடம்பைப் பார்த்துத்தான் சொல்லணும். சந்தோஷமா இருக்குற நாய்க்கு உடம்பு தொளதொளன்னு இருக்கும், வாய் லேசாத் திறந்திருக்கும். திங்க ஒண்ணும் இல்லாம உதட்டை நக்குறது, தூக்கம் வராம கொட்டாவி விடுறது, நனையாமலே உடம்பை உதறுறது, முன்னங்காலை ஒண்ணு தூக்கி வச்சுக்கிறது, வெயில் இல்லாதப்ப இளைக்கிறது, இதெல்லாம் ஒண்ணு தனியா வந்தா பெரிசா எடுத்துக்க வேண்டாம். அடுத்தடுத்து வந்தா நாய் சங்கடத்துல இருக்கு. எல்லாம் நின்னுபோய் அசைவில்லாம நின்னா, கையை மெதுவா எடுத்துட்டு நகர்ந்துருங்க. அதுக்கப்புறம் அதுகிட்ட சொல்ல மிச்சம் ஒண்ணும் இல்லை.

கட்டிப்பிடிக்கிறது நம்ம சாதிக்குப் பிரியம். பெரும்பாலான நாய்க்கு அது ஓட முடியாமப் பிடிச்சு வைக்கிறது. சந்தேகமா இருந்தா மார்பு ஓரமா மூணு நொடி தடவிட்டுக் கையை எடுத்துப் பாருங்க. வேணும்னா அதுவே வந்து இடிக்கும். வேண்டாம்னா தலையைத் திருப்பும், இல்லைன்னா எழுந்து போகும். போக வழி இருக்கணும், அதுதான் முக்கியம். ஃபிளாட்ல இருக்குற நாய்க்கு அந்த வழியே பாதி நேரம் இல்லைன்னு எனக்குத் தோணுது. லிஃப்ட்ல மூலையில நிக்குற நாயை எதிர்ல வர்றவங்கல்லாம் குனிஞ்சு தலையில தடவுறதைச் சென்னையில நானே பார்த்திருக்கேன். தீபாவளி ராத்திரி கட்டிலுக்கு அடியில ஒண்டிக்கிட்டு நடுங்குறதை, வெடியைப் பழகட்டும்னு வாசலுக்கு இழுத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க. அப்படி எதுவும் பழகாது.

நாய் உறுமினா திட்டாதீங்க. எதைப் பார்த்து உறுமுதுன்னு பார்த்து, அதை நகர்த்துங்க, இல்லைன்னா நாயை நகர்த்துங்க. மணி இப்பக்கூட உறுமுறதில்லை. பயந்தா நேரா விறைச்சு நிக்குது. அதனால நான்தான் அது கண்ணையும் வாயையும் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு.

வர்ற பொங்கலுக்கு மச்சினன் வர்றான். பாப்பாவும் வருவாளாம், மணியைப் பார்க்கணும்னு அவளே கேட்டாளாம். மணியைப் பட்டிக்குள்ள விட்டுப் படலைச் சாத்தி வைக்கப் போறேன். அவ வெளிய நின்னு பார்க்கட்டும். கூட நானும் நிக்கிறேன்.