எதிரே வருபவரின் கண்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை மாலை என்பது ஊருக்குப் புறப்படும் நேரமாகும். கரமனையைக் கடந்து, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலைச் சென்றடையும் அந்தச் சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை மாற்றியமைக்கப்படும் வரை இவ்வூர்கள் அனைத்தும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. வழியும் பழையது; உறவும் பழையது. புதியது, இரவில் எதிரே வரும் வண்டிகளிலிருந்து பாயும் நீலம் கலந்த வெள்ளை ஒளிதான்.

அவ்வொளியால் கண் கூசிப்போன ஓட்டுநர் மறுநாளே உதிரிபாகக் கடைக்குச் செல்கிறார். "நம் வண்டிக்கும் இன்னும் பிரகாசமான பல்பு வேண்டும்" என்கிறார். அவர் மீது குற்றம் கூறுவது எளிது. ஆனால் மழை பெய்யும் இரவில், கோடுகள் அழிந்த சாலையில், பிள்ளைகளைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டுபவர் கூடுதல் வெளிச்சம் கேட்பது பேராசையன்று. அவருடைய தேவை உண்மையானது. அதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் வழியே பிழையானது.

பல மகிழுந்துகளின் முகப்பு விளக்கில் உள்ள எச்4 என்னும் ஆலசன் பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று 60 வாட். தொலைவு வரை செல்லும் உயர்ந்த ஒளிக்குரியது. மற்றொன்று 55 வாட். ஓட்டுநர்கள் 'டிம்' என வழங்கும் தாழ்ந்த ஒளிக்குரியது. இந்த இரண்டாம் இழையின் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் உள்ளது. அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்துவிடுகிறது. எனவே, ஒளி பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது நகத்தளவேயுள்ள அந்தக் கிண்ணமும், இழை அமைந்திருக்கும் இடத்தின் துல்லியமுமே ஆகும். அதே கூட்டினுள் மலிவான எல்இடி பல்பைச் செருகும்போது, ஒளி பிறக்கும் இடமும் அதன் வடிவமும் மாறிவிடுகின்றன. சாலையில் விழ வேண்டிய ஒளி மேலும் பக்கவாட்டிலும் சிதறுகிறது. தொடக்கத்திலிருந்தே எல்இடிக்கென வடிவமைக்கப்பட்ட விளக்குகளுக்கு இக்குறை பொருந்தாது. அவற்றின் கூடும் பல்பும் ஒன்றுக்கொன்று இசைந்தவை.

வேறு சிலர் 100/90 வாட் ஆலசன் பல்பை நாடுகின்றனர். 55 வாட் இழைக்கு ஏறத்தாழ நாலரை ஆம்பியர் மின்னோட்டம் போதும். 90 வாட்டுக்கு ஏழரை ஆம்பியர் வேண்டும். முன்னதற்கெனப் போடப்பட்ட கம்பியும் செருகியும் இச்சுமையால் சூடேறி உருகக்கூடும். தன் வீட்டு விளக்கென்று முத்தமிட்டால் சுடாமல் விடுமா?

கண் கூசினால் என்ன, இரண்டு நொடி தானே என்பர் சிலர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த இரண்டு நொடியில் 33 மீட்டர் கடந்துவிடும். அந்த 33 மீட்டருக்குள் மிதிவண்டியில் கடையடைத்துத் திரும்பும் ஒருவரோ, பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும் பாட்டியோ இருக்கலாம். ஒளியில் சுருங்கிய கண் மீண்டும் இருளுக்குப் பழக நேரமாகும். அகவை ஏற ஏற அந்நேரமும் கூடும். ஆகவே, பிரகாசமான விளக்குக்கு விலை கொடுப்பவர் ஒருவர். அதன் துன்பத்தைச் சுமப்பவர் இன்னொருவர்.

இதில் வேடிக்கை என்னவெனில், பல்பை மாற்றியவருக்கும் எதிர்பார்த்த பயன் கிட்டுவதில்லை. சூன் முதல் மழை தொடங்கும் இவ்வூரில், நனைந்த தார்ச்சாலை கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அதன் மீது விழும் ஒளியின் பெரும்பகுதி ஓட்டுநரிடம் திரும்பாமல் முன்னோக்கித் தெறித்து, எதிரே வருபவரின் கண்ணையே சென்றடைகிறது. மேலும், வண்டிக்கு மிக அருகிலுள்ள தரை பளிச்சென்று ஒளிர்ந்தால் ஓட்டுநரின் கண் அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ளும். தொலைவிலுள்ள பொருள் முன்னிலும் மங்கலாகவே தெரியும். வெளிச்சம் பெருகியது போன்ற மனநிறைவு ஏற்படும், பார்வை பெருகியிராது.

அப்படியானால் இருளில் தடுமாறும் ஓட்டுநர் என்ன செய்வது? முதலில் விளக்கின் முன்மூடியைப் பார்க்க வேண்டும். நெகிழியாலான அம்மூடி வெயில் பட்டுச் சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கிவிடும். அதைத் தேய்த்து மெருகேற்றினாலே இழந்த ஒளியின் பெரும்பங்கு மீண்டுவிடும். அடுத்தது மின்னழுத்தம். பழைய கம்பிகளிலும் துருவேறிய இணைப்புகளிலும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஆலசன் பல்பின் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகும். இணைப்புகளைத் துப்புரவாக்கி, பழுதான கம்பிகளை மாற்றிவிட்டு, அதே 60/55 வாட்டில் தரமான புதிய பல்பைப் பொருத்தினால் போதும். இதற்காகும் செலவும் பெரிதன்று.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச்செய்யாதவாறு ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106ஆவது விதி. அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பவருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்துள்ளது. முற்காலத்தில் தமிழ்நாட்டில் முகப்பு விளக்குகளின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் இருந்தது. தாத்தாமாரைக் கேட்டால் சொல்வார்கள். நாட்டு மருந்து போன்ற எளிய முறைதான். ஆயினும் எதிரே வருபவரை நினைத்துச் செய்யப்பட்டது. இன்று தண்டம் மட்டும் போதாது. களியக்காவிளை வரை சாலைக்கோடுகளும் தெருவிளக்குகளும் குறைவின்றி இருந்தால், உதிரிபாகக் கடையை நாடுவோர் தாமாகவே குறைவர். அதைச் செய்ய வேண்டியது அரசின் கடமை.

அதுவரை இருக்கும் போட்டியோ சாலைக் கடைத்தெருவின் இரைச்சலை ஒத்தது. ஒருவர் குரலை உயர்த்த, அடுத்தவரும் உயர்த்த, முடிவில் எவர் சொல்லும் எவர் காதிலும் விழுவதில்லை.

இன்னொன்றும் உண்டு; பலர் அறியாதது. ஊருக்குச் செல்லும் நாளில் பின்பெட்டி நிறையச் சுமை ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழும், முன்புறம் நிமிரும், டிம் செய்த ஒளிகூட எதிரே வருபவரின் முகத்துக்கு ஏறிவிடும். இதற்காகவே பல மகிழுந்துகளில் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. சுமைக்கேற்ப எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். பெரும்பாலான வண்டிகளில் அது வாங்கிய நாள் முதல் 0 என்ற எண்ணிலேயே நிற்கிறது.