மாடு மேய்ப்பது அவ்வளவு எளிதா?



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோரிடம் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தையார் என் மேசைக்கு எதிரே அமர்ந்து, மகனுடைய கணிதப் புள்ளிகளைப் பார்த்தார். முகம் கறுத்தது. அருகில் நின்ற மகனிடம், "இப்படியே போனால் நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு. வேண்டுமென்றால் வாத்தியாரையே கேட்டுப் பார்!" என்றார். என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டார், பாவம்! அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டு, இருமுறை சவர்க்காரம் போட்டுக் குளித்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து அமர்ந்திருந்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதே சொல்லை நானும் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன்.

2011ஆம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தான். "நீ ஆடு மேய்க்கத்தான் போகப் போகிறாய்" என்றேன். அவன் சற்றும் கலங்காமல், "ஆமாம் ஐயா, நேற்று இரவு எங்கள் ஆடு குட்டி போட்டது. அதனால்தான் செய்யவில்லை" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இரவு உணவின்போது இதை நகைச்சுவையாக வீட்டில் சொன்னேன். என் துணைவியார் சிரித்தார். என் தந்தையார் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எத்தனை குட்டி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லையே!

மறுநாள் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். இரண்டு குட்டிகளாம். ஒன்று எழுந்து நிற்கவில்லையாம். பழைய துணியால் துடைத்து, சூடு காட்டி, தாயின் சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டிக்கொண்டு விடியும் வரை கண்விழித்திருக்கிறான். பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் குட்டி பிழைப்பது அரிது என்பதை எனக்கு அவன் விளக்கினான். பதினொரு வயது! அந்தக் குட்டி மூன்றாம் நாள் இறந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அவன் இப்போது சரக்குந்து ஓட்டுகிறான். பெரிய பண்ணை முதலாளி ஆகிவிடவில்லை. கதைகளில்தான் அப்படியெல்லாம் நடக்கும்.

என் தந்தையார் தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டின் பின்புறம் நான்கு பசுக்கள் இருந்தன. அக்காலத்தில் தோட்டத்து மக்கள் மாடு வளர்த்ததும் கீரைப்பாத்தி போட்டதும் வெறும் பொழுதுபோக்கு அன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஒதுக்க வேண்டும் என்று தோட்ட நிருவாகங்களுக்கு விதித்திருந்தது. ஏறத்தாழ 2,700 சதுர அடி.  நாட்கூலி உணவுக்கே போதாத காலத்தில் அந்தத் துண்டு நிலமும் நான்கு பசுக்களும்தான் என் இடைநிலைப்பள்ளிப் பேருந்துக் கட்டணத்தையும், என் தங்கையின் மூக்குக்கண்ணாடியையும், பாட்டியின் கருமாதிச் செலவையும் ஏற்றுக்கொண்டன. படித்து ஆசிரியரானவன், தன்னைப் படிக்க வைத்த தொழிலையே வசைச்சொல்லாக மாற்றிக்கொண்டிருக்கிறான். இதைவிட நன்றிகெட்ட செயல் வேறுண்டா?

1996இல் தோட்டம் கைமாறியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மாட்டை எங்கே கட்டுவது? நான்கு பசுக்களையும் ஒரே நாளில் விற்றார். மறு ஆண்டு 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், உறவினர் எவர் பேச்சையும் கேளாமல் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே முக்கால் ஏக்கர் நிலம் வாங்கினார். அதுதான் இன்று நாங்கள் வாழும் இடம். இரண்டு பசுக்கள், பதினைந்து ஆடுகள், நாற்பது நாட்டுக்கோழிகள், ஒன்பது தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, வாழை, வேலியோரம் அகத்தி. அப்பாவுக்கு இப்போது 83 வயது. இன்றும் காலையில் கொட்டகையை ஒரு சுற்று வந்த பிறகே தேநீர்.

இதைக் கேட்டவுடன், "ஆகா, என்ன அருமையான வாழ்க்கை!" என்பவர்கள் உண்டு. கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, பணி ஓய்வு பெற்றதும் ஆட்டுப்பண்ணை வைக்கப் போவதாகச் சொல்லும் ஆசிரிய நண்பர்கள் மட்டும் எனக்கு நால்வர். அவர்களுக்காக எங்கள் வீட்டுக் கணக்கை இங்கே திறந்து வைக்கிறேன்.

2024இல் ஒன்பது ஆடுகளை விற்றோம். தீபாவளிக்கும், காதுகுத்துக்கும், முனியாண்டி கோவில் நேர்த்திக்கடனுக்குமாகப் போனவை. வரவு 8,100 வெள்ளி. பால் விற்றது 5,600. கோழியும் முட்டையும் 1,900. முருங்கை, கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் சேர்ந்து 1,400. ஆக 17,000 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! இனிச் செலவு. தீவனம் 7,200. மருந்தும் மருத்துவரும் 900. புயல் காற்றில் பறந்துபோன கொட்டகைக் கூரை 2,300. வேலி 1,800. புல் அறுக்க வருபவருக்குக் கூலி 2,400. தண்ணீர், மின்சாரம், எண்ணெய்ச் செலவு 1,100. மொத்தம் 15,700. எஞ்சியது 1,300 வெள்ளி. அப்பா, துணைவியார், நான் ஆகிய மூவரும் சேர்ந்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைக்கிறோம். வகுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரத்திற்கு 60 காசுகூடத் தேறாது. அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பங்கு என் துணைவியாருடையது. "உங்கள் ஆடு எப்படி இருக்கிறது?" என்று ஊரார் என்னைக் கேட்கிறார்கள், அவரைக் கேட்பதில்லை.

அது நல்ல ஆண்டு. 2022இல் கையைக் கடித்தது. கோழித் தீவனத்துக்கான சோளத்தை நம் நாடு பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது. உக்ரேனில் போர் மூண்டதும் மூட்டை விலை மாதந்தோறும் ஏறியது. அந்த ஆண்டு ஜூன் முதல் நாள் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். எங்கோ நடந்த போரின் சுமை எங்கள் கொட்டகை வரை வந்தது. அந்த ஆண்டு என் சம்பளத்திலிருந்து 2,640 வெள்ளி தீவனத்திற்குப் போனது. ஆசிரியர் சம்பளம் இல்லையென்றால் அன்றே எல்லாவற்றையும் விற்றிருப்போம். சிறு பண்ணை சொந்தக் காலில் நிற்கிறது என்று பெருமை பேசுவோரைக் கண்டால், உங்கள் வீட்டில் வெளியே வேலைக்குப் போவது யார் என்று கேட்டுவிடுங்கள்.

பண இழப்பாவது பரவாயில்லை. 2019இல் ஓர் இரவு தெருநாய்கள் வேலிக்கடியில் தோண்டி நுழைந்து ஐந்து ஆடுகளைக் கடித்துப் போட்டன. மூன்று சினை ஆடுகள். நாலரை மாதம் சுமந்து, இன்னும் இரண்டே வாரம் இருந்த நிலையில்! காலையில் அவற்றைப் புதைத்துவிட்டு ஏழேகாலுக்குப் பள்ளிக்குப் போய், முதல் பாடவேளையில் இரட்டைக்கிளவி நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. வேறொரு முறை கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டது. பத்து நாளில் 38 கோழிகளில் 31 போயின. தடுப்பூசியைத் தள்ளிப் போட்டது என் குற்றம்தான், பள்ளியில் விளையாட்டுப் போட்டி வேலை என்று சாக்குச் சொன்னேன். குடும்பமாக வெளியூர் போய் ஓர் இரவு தங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின! மைத்துனர் வீட்டுத் திருமணத்திற்கே ஒருவர் மாற்றி ஒருவர் போய் வந்தோம்.

பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எங்கள் வரிசையில் கூலிவேலை செய்யும் குடும்பங்கள் பல வருமானமின்றி நின்றன. அந்த வாரங்களில் பாலும் முருங்கைக்கீரையும் முட்டையும் வேலிக்கு மேலாகவே கைமாறின. யாரிடமும் பணம் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அந்த மாதங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஆனால் 2022இல் நாங்கள் தடுமாறியபோது, அதே வேலிக்கு அப்பாலிருந்து புல்லும், பழத்தோலும், சந்தையில் கழித்த கோசுத்தழையும் மூட்டை மூட்டையாக வந்தன. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. வெளிறிய கண்ணிமையைக் கண்டு ஆட்டுக்குக் குடற்புழு முற்றிவிட்டதென்று என் மகள் எட்டு வயதிலேயே சொல்வாள். குருதியை உறிஞ்சும் புழு, அதனால் சோகை, அதனால் வெளிறல் என்று காரணமும் விளைவும் அவளுக்குப் பாடநூலுக்கு முன்பே பிடிபட்டன. ஆனால் என் மகன்? பன்னிரண்டு வயது வரை குட்டிகளோடு உறங்கியவன், இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டிலேயே கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டான். சட்டையில் வாடை அடிக்கிறதென்று சக மாணவர்கள் 'ஆட்டுக்காரன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை அப்பிள்ளைகள் எங்கிருந்து கற்றார்கள்? ஏதோ ஒரு தொடக்கப்பள்ளியில், ஏதோ ஓர் ஆசிரியர், சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருப்பார். என்னைப் போல் ஒருவர்! என் மகன் இன்று பினாங்கில் தொழிற்சாலையில் பணிபுரிகிறான். அப்பாவுக்குப் பிறகு, எனக்குப் பிறகு, இந்த முக்கால் ஏக்கர் என்னவாகும் என்பதற்கு எங்கள் வீட்டில் எவரிடமும் விடை இல்லை. அவனைக் கட்டாயப்படுத்தும் எண்ணமும் எனக்கில்லை.

ஆகவே நான் வேண்டுவது, பிள்ளைகள் எல்லாரும் மாடு மேய்க்கப் போக வேண்டும் என்பதன்று. படிக்காதவனுக்கு மிச்சமாகக் கிடைப்பது அந்தத் தொழில் என்ற பொய்யை நாம் நிறுத்த வேண்டும். கணிதத்தில் தோற்றவன் மாடு வளர்த்தால் மூன்றாம் மாதம் கடனாளி ஆவான். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், ஆட்டுக்கு 150, கோழி அடைகாக்க 21. பசு எந்தத் தேதியில் ஈனும், பால் வற்றும் மாதங்களில் தீவனச் செலவை எதிலிருந்து எடுப்பது என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இவற்றையே ஐந்தாம் ஆண்டுக்கு வினாவாகக் கொடுத்துப் பாருங்கள், யாருக்கோ சொந்தமான ஆரஞ்சுப் பழங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட வகுப்பு விழித்துக்கொள்ளும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே ஒழிந்துவிட்டது. இன்னும் எதற்கு அஞ்சுகிறோம்?

பெற்றோருக்கு ஒன்று. உங்கள் வீட்டில் தோட்டமோ, கோழியோ, சிறு கடையோ இருந்தால் கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இலாபத்தை மட்டுமன்று, நட்டத்தையும் காட்டுங்கள். அந்த ஐந்து ஆடுகள் இறந்த நாளை என் மகனிடமிருந்து மறைத்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். கொட்டகை விட்டுப் போனவனுக்கு இது எதற்கு என்று எண்ணிவிட்டேன். அதை அவன் பினாங்கு போன பிறகு பாட்டன் சொல்லித்தான் அறிந்தான். அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த ஆடு என்று பெயர் சொல்லிக் கேட்டான்.

ஆடு வளர்க்கத் துடிக்கும் அந்த நால்வருக்கும் ஒரு சொல்: முதலில் மாவட்ட மன்றத்திலும் கால்நடைச் சேவைத் துறையிலும் உங்கள் இடத்தில் வளர்க்கலாமா என்று கேளுங்கள். பிறகு அண்டை வீட்டாரைக் கேளுங்கள். கடைசியாக, மிக முக்கியமாக, உங்கள் துணைவியாரைக் கேளுங்கள்!

அந்தத் தந்தையாருக்கு அன்று என்ன விடை சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "ஐயா, இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு மாடு மேய்க்க முடியாது. முதலில் வகுத்தல் கணக்கைச் சரி செய்வோம்" என்றேன். அவர் விழித்தார். பையன்தான் முதலில் சிரித்தான்.

பி.கு.: பள்ளித் தோட்டத்திற்கு ஆட்டுப்புழுக்கை வேண்டும் ஆசிரியர்கள் சனிக்கிழமை காலையில் வந்து இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். சாக்கு நீங்களே கொண்டு வர வேண்டும்.