பாடம் நடத்தச் சாமி சாட்சி எதற்கு?



மதம் சார்ந்த கல்லூரிகளில் ஆசிரியர் வேலைக்கு மனுப்போடும் நம் பிள்ளைகள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "மதம்ங்கிற எடத்துல என்னன்னு எழுதுறது?" முனைவர் பட்டம் இருக்கிறது, நெட் தேர்வும் முடித்தாயிற்று. அந்த ஒரு கட்டத்தில் பேனா நின்றுபோகிறது.

நானும் அங்கே நின்றவன்தான். அரசு உதவி பெறும் ஒரு கிறித்தவக் கல்லூரியின் இன்டர்வியூவில் என் பாடத்தில் இரண்டே கேள்வி. பிறகு, "இந்துன்னு போட்டிருக்கீங்க, ஜெபத்துல கலந்துக்குவீங்களா?" என்றார்கள். "எனக்கு எந்தச் சாமி மேலயும் நம்பிக்கை இல்லைங்க" என்றேன். அதோடு சரி.

கோயில் கல்லூரி மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறதா? 2021 அக்டோபரில், கொளத்தூர் கபாலீஸ்வரர் கலை அறிவியல் கல்லூரிக்கு உதவிப் பேராசிரியர் வேலைக்கு இந்துக்கள் மட்டுமே மனுச் செய்யலாம் என்று விளம்பரம் வந்தது. பெரியார் பெயரைச் சொல்லும் ஆட்சியில்தான். அலுவலக உதவியாளர் வேலை கேட்ட ஒரு முஸ்லிம் வழக்குப் போட்டார். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காட்டப்பட்ட சட்டம், 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. இந்து மதத்தைப் பின்பற்றுகிறவராக இருக்க வேண்டும், பின்பற்றுவதை விட்டால் வேலையும் போய்விடும் என்கிறது அது.

இதன் பொருள் என்ன? 1918-இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரம் போதிக்கப் போனவர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14-இல் இந்து மதத்தை உதறிய அதே அம்பேத்கர் கொளத்தூரில் மனுப்போட்டால், சட்டத்தின் வாசகப்படி அவருக்குத் தகுதி இல்லை!

சிறுபான்மைக் கல்லூரிகளின் கதை வேறு. கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தருகிறது. அதைப் பிடுங்கத் துடிக்கும் கும்பலோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மைத் திண்ணைக்குக்கூட விடாத காலத்தில் சிலேட்டைக் கையில் கொடுத்தவர்கள் மிஷன்காரர்கள். அந்த நன்றி உண்டு. ஆனால் நன்றி வேறு, விசுவாசம் வேறு. 1894-இல் சென்னையில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த ஆல்காட், மதம் மாறினால்தான் பாடம் என்று சொல்லவில்லை.

உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். அங்கே படிக்க வருகிறவரை விருப்பமில்லாமல் வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28-ஆம் பிரிவு. மாணவனுக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, பாடம் நடத்த வருகிறவனுக்கு ஏன் இல்லை?

இதில் இரண்டு பக்கமும் அடிவாங்குகிறவன் தலித் நாத்திகன். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. சான்றிதழ் இந்துவுக்குத்தான், 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரித்தார்கள். கிறித்தவனானால் சான்றிதழ் போச்சு. இந்துவாகவே இருந்தால் வாய் போச்சு.

என்ன செய்யலாம்? விண்ணப்பத்தில் சான்றிதழில் இருப்பதை எழுதுங்கள். அது அரசு ஒட்டிய சீட்டு. நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்ட தோழனை யாரும் துரோகி என்று ஏசாதீர்கள். அவனை மூடவைத்த ஏற்பாட்டோடுதான் நமக்குச் சண்டை.

கேட்க வேண்டியது இரண்டு. 10-ஆம் பிரிவிலிருந்து கல்லூரிப் பணிகளை விலக்கிச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். அரசு சம்பளம் தரும் எந்த ஆசிரியர் பணிக்கும் சாமியைப் பற்றிய கேள்வி கூடாது. குருத்துவம் படிப்பிக்க ஆள் தேடினால் கேட்கட்டும். கணக்குக்கும் வேதியியலுக்கும் எந்தச் சாமி சாட்சி சொல்ல வேண்டும்?