கழுவியும் போகாத சுவரோவியம்

கறுப்பு அங்கியும் நரைத்த பொய்முடியும் அணிந்த நீதிபதி, கீழே விழுந்துகிடக்கும் போராட்டக்காரரைத் தன் சுத்தியலாலேயே அடிக்கிறார். போராட்டக்காரரின் பதாகையில் ரத்தம். 2025 செப்டம்பர் 8 அன்று லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் வளாகச் சுவரில் தென்பட்ட, தெருவோவியர் பேங்க்ஸியின் ஓவியம் இது. உடனே மூடினார்கள், காவல் போட்டார்கள், இரண்டே நாளில் சுரண்டியெடுத்தார்கள்.

பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடமாம். நொண்டிச்சாக்கு. ஓவியம் தென்படுவதற்கு இரண்டு நாள் முன்புதான், ‘பாலஸ்தீன் ஆக்‌ஷன்’ என்ற பாலஸ்தீன ஆதரவு அமைப்பின் மீதான பிரிட்டன் அரசின் தடையை எதிர்த்து லண்டனில் கூடியவர்களில் சுமார் 890 பேர் கைதானார்கள். கல்சுவர் மீது பிறந்த திடீர்க் கரிசனத்தை யார் நம்புவது?

அட்டையில் உருவத்தை வெட்டி, சுவரில் வைத்து ஸ்பிரே அடிக்கும் முறையில் பேங்க்ஸிக்கு முன்னோடி, 1981 முதல் பாரிஸ் சுவர்களில் எலிகளை ஓடவிட்ட ப்ளெக் லெ ரா. அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது சிறுவயதில் இத்தாலியில் கண்ட முசோலினியின் ஸ்டென்சில் உருவம். சர்வாதிகாரியின் புகழ்பாடிய உத்தியைத் தெரு தன்வசமாக்கிக்கொண்டது.

சுவரோவியத்தை அழித்தால் என்ன ஆகும் என்று லண்டன் அதிகாரிகள் படித்திருக்க வேண்டிய கதை லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. 1932இல் அங்குள்ள ஓல்வெரா தெருவில், 80 அடி நீள, 18 அடி உயரச் சுவரொன்று மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸிடம் ஒப்படைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் ரசிக்க, பறவையும் பழமுமாக வெப்பமண்டலக் காட்சி ஒன்றை எதிர்பார்த்தார்கள். ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும் சிமென்ட் பூச்சில், தூரிகையோடு ஸ்பிரே துப்பாக்கியையும் பிடித்து அவர் வரைந்ததோ சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி ஒருவரை. மேலே அமெரிக்கக் கழுகு. தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு விரைவிலேயே வெள்ளையடித்தார்கள், சில ஆண்டுகளில் முழுச் சுவருக்கும். சிக்கெய்ரோஸ் அமெரிக்காவைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

1960களின் இறுதியில் அந்த வெள்ளை உதிரத் தொடங்கி, சிலுவையில் தொங்கியவர் மறுபடி வெளியே தெரிந்தார். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் சிகானோ (மெக்சிகோ வம்சாவளி) ஓவியர்கள் அவரில் தங்கள் முன்னோரைக் கண்டார்கள்; பகுதியெங்கும் சுவர்கள் ஓவியங்களால் நிறைந்தன. வரைந்து 80 ஆண்டுகள் கழித்து, 2012இல் பழுதுபார்த்து மக்கள் பார்வைக்குத் திறந்துவைத்ததும் அதே நகரம்தான். ஓர் இயக்கத்தையே வளர்த்தது வெள்ளையடித்த கைதான்!

லண்டன் சுவரிலும் சுரண்டிய பிறகு நீதிபதியின் நிழலுருவம் எஞ்சியது. இனி அதையும் தேய்த்துத் தேய்த்துக் கல்லையே கரைப்பார்கள். அதற்குப் பெயர் பாரம்பரியப் பாதுகாப்பு! இங்கிலாந்திலேயே வேறு வழி இருந்தது. 2006இல் பிரிஸ்டல் நகரத்தில் பேங்க்ஸி ஒரு சுவரில் வரைந்தபோது, வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று மாநகராட்சி மக்களிடம் கேட்டது. மிகப் பெரும்பாலோர் இருக்கட்டும் என்றார்கள், இருந்தது. லண்டனில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அது தெரிந்துதான் யாரையும் கேட்காமல் சுரண்டினார்கள்.