வீடு பார்க்கப் போகிறவர் விருந்தாளி அல்லர்

எம்மவர்கள் ஒரு கைத்தொலைபேசி வாங்குவதற்கு மூன்று கடை ஏறி இறங்குவார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், உத்தரவாதம் கேட்பார்கள், விலை பேசுவார்கள். ஆனால் ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கொட்டி முதன்முதலாக வீடு வாங்கும்போது அரை மணி நேரத்தில் தலையாட்டி விடுகிறார்கள். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. இது நானே செய்த தவறு.

2018ஆம் ஆண்டு வெல்லம்பிட்டிப் பக்கம் ஆறு பேர்ச்சஸ் காணியில் ஒரு மாடி வீடு விற்பனைக்கு இருப்பதாகத் தரகர் அழைத்துச் சென்றார். ஞாயிறு காலை, நல்ல வெயில். புதுப் பெயின்ட் மணம் வீசியது. வீட்டுக்காரர் எனது மர்ஹூம் வாப்பாவின் கூட்டாளி. தேநீரும் வட்டிலப்பமும் வந்தன. இருந்த அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் வாப்பாவைப் பற்றிய கதை. பூட்டியிருந்த ஓர் அறையைத் திறக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. உறுதியின் பிரதியைக் கேட்டேன். "என்ன மகன், எங்கள நம்பல்லயா?" என்றார். அத்துடன் என் வாய் அடைபட்டது. சீட்டுக் காசும் மனைவியின் நகை விற்ற காசுமாக ஐந்து இலட்சம் ரூபாவை, ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லாமல் முற்பணமாகக் கொடுத்தேன்.

மனைவியின் நானா மேசன் வேலை செய்பவர். "மழ நாளையில போய்ப் பாப்பம் மச்சான்" என்று மறுவாரம் என்னை இழுத்துச் சென்றார். முழங்கால் உயரம் வரை சுவரில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது அந்த ஒழுங்கையில் யன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதாகச் சந்தியில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி சொன்னார்.

அதன் பிறகுதான் சட்டத்தரணியிடம் போனேன். காணிப் பதிவகத்தில் தேடியபோது உறுதி வீட்டுக்காரரின் காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரிலேயே இருந்தது. வாரிசுகளில் இரு சகோதரிகள் விற்பனைக்குச் சம்மதிக்கவில்லை. அவர்களின் ஒப்பமின்றி அவர் தனது பங்கை மாத்திரமே விற்க முடியும். 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் அதற்கு வலுவில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஐந்து இலட்சம் சிறுகச் சிறுகத் திரும்பி வரப் பதினொரு மாதம் சென்றது. நட்புக் கெடக் கூடாதென்று வாய் மூடியிருந்தேன். கடைசியில் கெட்டதும் அந்த நட்புத்தான்.

ஆகவே, முதற் தடவை வீடு வாங்குவோர் ஒரே வீட்டுக்கு மூன்று முறை செல்ல வேண்டும் என்பது எனது கருத்து.

முதன்முறை வீட்டைப் பாருங்கள். எல்லா அறைகளையும் திறக்கச் சொல்லுங்கள். அலுமாரிக்குப் பின்னால் ஈரமுண்டா, மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் முறை மழையில், தரகரில்லாமல் செல்லுங்கள். வடிகான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். அயலவரிடம் விசாரியுங்கள். 2025 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைத் தரகர் சொல்லமாட்டார், அயலவர் சொல்வார்.

மூன்றாம் முறை நில அளவை வரைபடத்துடன் சென்று எல்லைக் கற்களைப் பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். அரைப் பேர்ச் குறைந்தால் ஓர் அறையளவு நிலம் போய்விட்டதென்று பொருள். வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை பாதையுரிமையாக வரைபடத்திலும் உறுதியிலும் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

முற்பணத்திற்கு முன்னர் சட்டத்தரணி மூலம் முப்பது வருட உரித்தைத் தேடுவியுங்கள். எமது குடும்பங்களில் மகளுக்கு வீட்டை எழுதும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியிருந்தால் அவர்களும் ஒப்பமிட வேண்டும். கட்டடத்திற்கு உள்ளூராட்சி சபையின் அங்கீகாரம் உண்டா, சோலைவரி பாக்கியுண்டா என்றும் பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறார்தானே என்று இருந்துவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை. உங்கள் முற்பணம் அவர் பொறுப்பல்ல.

இரண்டு வருடங்களின் பின் நாம் வாங்கிய வீட்டில், தேநீர் வருவதற்கு முன்பே அந்த வீட்டு உம்மா உறுதி, வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோவையாக மேசையில் வைத்தார். "பார்த்துட்டுப் பேசுங்க மகன்" என்றார். உறுதியைக் கேட்பது அவமரியாதையென்று எண்ணிக் கொண்டிருந்த எனக்கு அது நல்ல பாடம். நேர்மையாக விற்பவருக்கு எமது கேள்விகள் பாரமல்ல. கோபிப்பவரிடம் வாங்காமல் விடுவதே இலாபம்.